கறுத்துப்போன பிளக் கால்: கடலோர வீட்டுக்கு அக்கா டிப்ஸ்

கெட்டில் பிளக்கின் மூன்று கால்களில் ஒன்று மட்டும் கறுத்து, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், கெட்டில் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதே தங்கச்சி. சுங்கை பட்டாணிக்குப் போய்ப் புதுக் கெட்டில் வாங்கி வந்து அதே சாக்கெட்டில் சொருகினால், அதன் காலும் சில மாதத்தில் இதே நிறத்துக்கு வந்துவிடும். காசுதான் தண்டம். கோளாறு கெட்டிலில் இல்லை, சாக்கெட்டில் இருக்கிறது. பிளக் காலும் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பட்டையும் தொடுகிற இடத்தில், இருக்கக்கூடாத ஒரு மின்தடை வந்து உட்கார்ந்திருக்கிறது.

மின்தடை என்றதும் பள்ளிக்கூட ஞாபகம் வந்து பயப்படாதே. கணக்கு இரண்டே வரி. நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். உன் கெட்டிலின் அடியில் 2200 வாட் என்று போட்டிருக்கும். 2200ஐ 230ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9.6 ஆம்பியர், அவ்வளவு கரண்டு அதற்குள் ஓடுகிறது. 230ஐ அந்த 9.6ஆல் வகுத்தால் 24 ஓம். கெட்டிலின் மின்தடை அதுதான். கரண்டு மின்தடையைத் தாண்டும்போது சூடு பிறக்கும். சூடு வேண்டும் என்பதற்காகவே நிக்ரோம் கம்பியைச் சுருட்டி வைத்து, வேண்டுமென்றே அதை 24 ஓம் ஆக்கியிருக்கிறார்கள்.

பிளக் கால் தொடுகிற இடத்தில் அரை ஓம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள். கெட்டிலுக்குள் ஓடுகிற அதே கரண்டு அந்த அரை ஓம் வழியாகவும் போயாக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் அதற்கு வேறு பாதை கிடையாது. சூட்டைக் கண்டுபிடிக்க, கரண்டை அதே கரண்டால் பெருக்கி, மின்தடையாலும் பெருக்கு. மொத்தத் தடை கொஞ்சம் கூடியதால் கரண்டு 9.4 ஆகக் குறைந்திருக்கும். 9.4 × 9.4 × 0.5, சுமார் 44 வாட். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் கடையில் 40 வாட்டுக்குக் கிடைக்கிறது. அந்தச் சூடு உன் சுவருக்குள், சில மில்லிமீட்டர் இடத்தில், பிளாஸ்டிக்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

கெட்டில் இதை உனக்குக் காட்டிக்கொடுக்காது. 1.7 லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். இந்த அரை ஓமால் இன்னும் சுமார் பத்து விநாடி கூடும். யார் நின்று கவனிக்கப் போகிறார்கள்?

எப்போதும் லைவ் கால்தான் கறுக்கிறதே என்று கேட்டாய் அல்லவா? நம் பிளக்கில் லைவ் காலுக்கும் வயருக்கும் நடுவில் ஃபியூஸ் இருக்கிறது. ஃபியூஸின் இரண்டு முனையையும் இரண்டு கிளிப் பிடித்திருக்கும். ஆக அந்தப் பக்கம் மட்டும் தொடுகிற இடங்கள் அதிகம். கிளிப் தளர்ந்தால் அங்கேயும் சூடு, சாக்கெட் தளர்ந்தால் அங்கேயும் சூடு. நியூட்ரல் காலுக்கு இந்தத் தொல்லை பாதிதான்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை?

உன் கணவர், நம் மாப்பிள்ளை, கேட்டது நியாயமான கேள்வி. பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. வாசலுக்கு மேலே பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறது, பக்கத்திலேயே ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறது. இத்தனையும் இருந்து பிளக் எப்படிக் கருகியது?

ஃபியூஸும் எம்.சி.பி.யும் கவனிப்பது கரண்டு கூடுகிறதா என்பதை மட்டும். தளர்ந்த சாக்கெட்டில் கரண்டு கூடுவதில்லை, 9.6 இருந்தது 9.4 ஆகக் குறையத்தான் செய்கிறது. அவற்றைப் பொறுத்தவரை வீட்டில் எல்லாம் சுபம். ஆர்.சி.சி.பி. கவனிப்பது வேறு: லைவில் போன கரண்டு முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா, நடுவில் மண்ணுக்கோ மனிதர் உடம்புக்கோ கசிந்ததா என்று பார்க்கும். இங்கே ஒரு துளியும் கசியவில்லை. அதுவும் பேசாமல் இருக்கும். நாம் நம்பியிருக்கிற மூன்றுக்கும் தெரியாமல் ஒரு சூடு வளரலாம். அதைப் பிடிக்க உன் கையும் மூக்கும் காதும்தான் கருவி.

கெட்டில் கொதித்து முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, கால்களை உடனே தொடாமல் பிளக்கின் பிளாஸ்டிக் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார். லேசான வெதுவெதுப்பு இருக்கலாம். கையை எடுக்க வைக்கிற சூடு இருக்கக்கூடாது. பிளக் சொருகும்போது இறுக்கமாகப் போக வேண்டும். தொளதொளவென்று ஆடினால் உள்ளே பட்டை விரிந்துவிட்டது. ஸ்விட்ச் போட்டபின் சடசட என்று மெல்லிய சத்தம் கேட்டாலோ, கெட்டில் போட்டிருக்கும்போது அதன் சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, அங்கே பொறி பறக்கிறது என்று அர்த்தம்.

வாசனை விஷயத்தில் உன் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல். பிளக், சாக்கெட் செய்கிற பிளாஸ்டிக் வகைகள் சில சூடேறும்போது மீன் கவிச்சி மாதிரி நாறும். கோத்தா கோலா மூடா மீன்பிடி ஊர். காற்று கடல் பக்கமிருந்து அடித்தால் எப்போதும் ஒரு கவிச்சி இருக்கத்தான் செய்யும். வெளியே வாசம் இல்லாத நாளில் அடுப்படிக்குள் மட்டும் அடித்தால், குப்பைத் தொட்டியைத் தேடுவதற்கு முன் சாக்கெட்டைப் பார்.

கடல் உப்பு செய்கிற இரண்டு வேலை

நீ பீடோங் பக்கம் இருந்தபோது இந்தத் தொல்லை வரவில்லை, மூடா ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குக் குடிவந்த பிறகு வருகிறது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் பித்தளையிலும் செம்பிலும் பச்சை பூக்கும். அந்தப் பச்சைப் படலம் கரண்டை ஒழுங்காக விடாது. படலத்தால் தடை கூடும், தடையால் சூடு கூடும். சூட்டில் படலம் இன்னும் தடிக்கும், பித்தளைப் பட்டையின் விறைப்பும் போய்விடும். பிடி தளர்ந்தால் தடை மறுபடி கூடும். ஒரு தடவை ஆரம்பித்தால் தானாக நிற்காத சுற்று இது. அதனால்தான் 'இப்போதைக்கு ஓட்டலாம்' என்று விட்ட சாக்கெட் ஒருநாள் திடீரென்று உருகிப்போகிறது.

உப்பின் அடுத்த வேலை இதற்கு நேர்மாறு. லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கின் மின்தடை மிகப் பெரிதாக இருக்க வேண்டும். வயரிங் முடிந்ததும் 500 வோல்ட் சோதனைக் கருவி வைத்துப் பார்த்தால், குறைந்தது 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம், காட்ட வேண்டும் என்பது கணக்கு. அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் உப்பு படிந்து ஈரமானால் கரண்டு அதன் மேலேயே ஊர்ந்து போகும். மழை நாளில் மட்டும் காரணம் தெரியாமல் ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளிச்சுவரில் இருக்கும் சாக்கெட்டையும் கழிவறை விளக்கையும்தான். தடை குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் கூட்டுவதும், கூட இருக்க வேண்டிய இடத்தில் குறைப்பதும் ஒரே உப்புதான்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி அலை உன் ஊரின் வீடுகளுக்குள் புகுந்தது உனக்குத் தெரியும். நினைவிடத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறாய். அந்த அளவுக்கு வேண்டாம், பேரலை நாளில் கடல் தண்ணீர் கொஞ்சம் ஏறி ஒரு சாக்கெட்டை நனைத்தாலே போதும், அதை வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்துகிற வேலை வேண்டாம். தண்ணீர் காயும், உப்பு காயாது. நனைந்த சாக்கெட், ஸ்விட்ச், பிளக் எதுவானாலும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடு.

புதிது போடும்போது பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்று. கருகிய சாக்கெட்டில் புதுப் பிளக் போட்டால் பிளக் கெடும். கருகிய பிளக்கைப் புதுச் சாக்கெட்டில் போட்டால் சாக்கெட் கெடும். கறுத்த காலை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே பூசிய பூச்சும் அதோடு போய்விடும், அடுத்த மாதம் இன்னும் வேகமாகப் பச்சை பிடிக்கும். வாங்குகிற பொருளில் சிரிம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார். இரவுச் சந்தையில் கூறு போட்டு விற்கும் எக்ஸ்டென்ஷனைத் தொடவே தொடாதே.

பிளக் மாற்றுவதை நீயே செய்யலாம். பழுப்பு வயர் லைவுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சை-மஞ்சள் எர்த்துக்கு. செம்பு இழைகளை முறுக்கி, மடித்து, திருகுக்குக் கீழே செம்பு மட்டும் இருக்கும்படி வைத்து இறுக்கு. வயரின் தோல் திருகுக்கு அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. இழைகளை ஒன்றாக வைக்கிறேன் என்று ஈயம் வைக்காதே. ஈயம் மெத்து. திருகின் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி நகர்ந்துவிடும், இறுக்கியது தளரும், மறுபடி அதே கதை. சாக்கெட் மாற்றுவதும் சுவருக்குள் போகும் வயரைத் தொடுவதும் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. வாடகை வீடுதானே, வீட்டுக்காரரிடம் கருகிய சாக்கெட்டின் படத்தை அனுப்பு. படத்தைப் பார்த்த பிறகு 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

பேனா மூடி வித்தை

இரண்டு கால் பிளக்கை மூன்று ஓட்டைச் சாக்கெட்டில் சொருக, மேல் ஓட்டையில் பேனா மூடியையோ சாப்ஸ்டிக்கையோ குத்துகிற பழக்கம் நம் நாட்டில் எந்த வீட்டில் இல்லை? குத்தியதும் கீழ் ஓட்டைகளை மூடியிருக்கும் சின்னக் கதவு திறந்து, இரண்டு காலும் உள்ளே போய்விடும். ஆனால் அந்தக் கால்கள் உருண்டை, உள்ளே இருக்கும் பட்டை தட்டைக் காலுக்குச் செய்தது. உருண்டையும் தட்டையும் தொட்டால் ஒரு கோட்டளவுதான் தொடும். தொடுகிற பரப்பு குறைந்தால் தடை கூடும்.

'ஹேண்ட்ஃபோன் சார்ஜர் இத்தனை வருஷம் அப்படித்தானே ஓடுது' என்பாய். ஓடும். 10 வாட் சார்ஜர் சுவரிலிருந்து இழுப்பது 0.05 ஆம்பியர் பக்கம். அதே அரை ஓமில் அது உண்டாக்குகிற சூடு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். கரண்டு இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு. சார்ஜரைப் பொறுத்துக்கொண்ட சாக்கெட் ரைஸ் குக்கரைப் பொறுக்காது. சூடு உண்டாக்குகிற எந்தச் சாமானையும் இரண்டு கால் பிளக்கோடு குத்திச் சொருகாதே; அதற்கு எர்த்தும் கிடையாது என்பது அடுத்த ஆபத்து.

எக்ஸ்டென்ஷனுக்கு வருவோம். வயரே ஒரு மின்தடைதான். நீளம் கூடினால் கூடும், தடிமன் கூடினால் குறையும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் பத்து மீட்டர் என்றால், போக வர இருபது மீட்டர் செம்பு. அதன் தடை ஏறக்குறைய 0.46 ஓம். கெட்டிலைப் போட்டால் 40 வாட் சூடு. பத்து மீட்டரும் தரையில் விரிந்து கிடந்தால் மீட்டருக்கு நான்கு வாட், காற்றோடு போய்விடும். சுருளைப் பிரிக்காமல் பாய்க்கு அடியில் வைத்தால் 40 வாட்டும் ஒரே இடத்தில் அடைபடும், தோல் உருகும். 1.5 சதுர மில்லிமீட்டர் வாங்கினால் தடை பாதி. எக்ஸ்டென்ஷன் எடுத்தால் முழுச் சுருளையும் பிரித்துப் போடு.

ஒரே எக்ஸ்டென்ஷனில் ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் தட்டுகிறாயே, அங்கே நடப்பதைப் பார். தீபாவளிக்கு ஊர் திரும்புகிற நேரம் சுங்கை பட்டாணி டோலில் இன்னொரு பாதை திறந்தால் மொத்தமாகக் கடக்கிற வண்டி கூடுகிறது அல்லவா, இணைச் சுற்றும் அப்படித்தான். ஒவ்வொரு சாமானும் ஒரு புதுப் பாதை. சாமான் கூடக்கூட மொத்தத் தடை குறையும், கரண்டு கூடும். 700 வாட் குக்கர் 3 ஆம்பியர், கெட்டில் 9.6, 1200 வாட் இஸ்திரிப் பெட்டி 5.2. கூட்டினால் 17.8 ஆம்பியர், மொத்தத் தடை 13 ஓம்கூட இல்லை. அதுவோ 13 ஆம்பியர் சாக்கெட்.

ஃபியூஸ் உடனே போய்விடும் என்று நினைக்காதே. பிளக் ஃபியூஸுக்கான தரவிதிப்படியே, அதில் எழுதியிருப்பதைப் போல 1.6 மடங்கு கரண்டை அது அரை மணி நேரமாவது தாங்க வேண்டும். 13க்கு அது 20 ஆம்பியருக்கு மேல். 17.8ஐ அது சட்டை செய்யாது. ஃபியூஸ் தாங்கும், சாக்கெட் பட்டை தாங்குமா என்பதுதான் கேள்வி. சூடாக்குகிற சாமான் ஒரு சாக்கெட்டுக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள். விளக்கு, மின்விசிறி, சார்ஜர் எத்தனை சேர்ந்தாலும் கவலை இல்லை.

தொடர்ச் சுற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய லிப்லாப் விளக்கு மாலையில் ஒரு குமிழ் போனால் மொத்த மாலையும் அணைந்துவிடும், அவ்வளவுதான். குமிழ்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் 230 வோல்ட்டை அவை தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆகையால் போன குமிழைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் நேரே முறுக்கி ஒட்டுகிற குறுக்குவழி வேண்டாம். மிச்சக் குமிழ்களுக்குப் பங்கு கூடும், ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும்.

கடைசி வீட்டு மங்கல் விளக்கு

தோட்டத்தில் பாட்டியின் லயத்து வீடு கடைசி வீடு. இன்ஜின் ரூமிலிருந்து வருகிற கம்பி முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கிளைவிட்டுக் கடைசியில்தான் அங்கே வரும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது பாட்டி வீட்டு விளக்கு மஞ்சளாக அழுதுகொண்டிருக்கும். பெரியவர்கள் 'இன்ஜின் இழுக்கல' என்பார்கள். இன்ஜினில் தப்பு இல்லை. எல்லா வீட்டுக் கரண்டும் ஒரே கம்பியில் வருவதால், அந்தக் கம்பியின் தடையில் வோல்ட் கரைந்துபோகும். தூரம் போகப்போக மிச்சம் குறையும். 1990இல் வந்த சட்டம், தொழிலாளர் வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. நல்ல சட்டம். ஆனால் சட்டத்தால் கம்பியின் நீளத்தைக் குறைக்க முடியாது.

உன் வீட்டிலும் இதைக் கவனிக்கலாம். 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால், கெட்டில் தருகிற சூடு முக்கால் பங்குக்குக் குறைந்துவிடும், ஏனென்றால் இங்கும் சூடு, வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கிய கணக்கில்தான் குறையும். வீடு முழுக்க, எல்லா நேரமும், விளக்கு மங்கினால் கோளாறு வெளிக்கம்பியில் இருக்கலாம். தெனாகா நேஷனலின் 15454க்கு அழை. கெட்டில் போடும்போது மட்டும் ஓர் அறையில் மங்கினால் அது உன் வீட்டுக்குள் எங்கோ தளர்ந்த திருகு, வயர்மேனைக் கூப்பிடு.

மாப்பிள்ளையின் கப்சாய்

மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் மட்டும் 'டிக்' என்று நின்றுவிடுகிறது. உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்ப வேண்டாம். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறதா என்று பார். அந்தப் பொடி 0.1 ஓம் என்று வைத்துக்கொள். முன்விளக்கு 3 ஆம்பியர் இழுத்தால் அதில் தொலைவது 0.3 வோல்ட்தான், தெரியாது. ஸ்டார்ட்டர் 40 ஆம்பியர் கேட்டால் 4 வோல்ட் அங்கேயே போய்விடும். 12இல் 4 போனால் மிச்சத்தில் ஸ்டார்ட்டர் சுற்றாது.

இதை மல்டிமீட்டரில் நேராகவே பார்க்கலாம், 12 வோல்ட் என்பதால் பயமும் இல்லை. டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈயக் காலிலும் இன்னொன்றை அதன்மேல் மாட்டியிருக்கும் கிளம்பிலும் வை. யாராவது ஸ்டார்ட்டரை அழுத்தட்டும். சுத்தமான இணைப்பில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அகப்பட்டான். முதலில் நெகட்டிவைக் கழற்று, பிறகு பாசிட்டிவ். சோடா மாவு கரைத்த வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டு. இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவு. கடற்காற்றுக்கு அது நல்ல தடுப்பு.

அதே மல்டிமீட்டர் அடுப்படிக்கும் உதவும், ஒரு நிபந்தனையோடு: ஓம் பார்க்கும்போது சாமான் சுவரில் சொருகியிருக்கவே கூடாது. கெட்டிலைத் தண்ணீரோடு அதன் தட்டில் வைத்து, ஸ்விட்சை அழுத்தி, பிளக்கின் லைவ் காலுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே முள்ளை வை. 24 ஓம் பக்கம் வந்தால் கெட்டில் நலம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஃபியூஸைத் தனியாக எடுத்துப் பார், அது பூஜ்யம் பக்கம் காட்ட வேண்டும். 700 வாட் குக்கர் என்றால் 75 ஓம், பானையை உள்ளே வைத்துக் கொக்கியை அழுத்தியிருக்க வேண்டும். லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில் எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் அந்தச் சாமானை ஒதுக்கிவிடு.

குளியலறைச் சுடுநீர்ப் பெட்டிக்கு மட்டும் இந்தச் சோதனையெல்லாம் நீ செய்யாதே. காய்ந்த உடம்புக்குச் சில ஆயிரம் ஓம் தடை இருக்கும், சோப்பும் தண்ணீருமாக நின்றால் ஆயிரம் பக்கம் இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். உயிர் போக அதில் கால்வாசியே போதும். சுடுநீர்ப் பெட்டிக்கு 10 மில்லி ஆம்பியரில் விழுகிற தனி ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேள். அந்த ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்து. பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவர் அலங்காரம்.

பெரியவனின் சோதனைக்கூடக் கணக்கு

உன் பெரியவன் ஐந்தாம் படிவத்தில் இதே பாடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றாய். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படித்த தொடர்ச் சுற்று, இணைச் சுற்றுதான் இப்போது மலாயில் லித்தார் பெர்சிரி, லித்தார் செலாரி என்று வருகிறது. ரிந்தாங்கான் என்றாலும் அதே ஓம்தான் என்று சொல்லு. அந்தப் பெயருக்குரிய கியோர்க் ஓம் ஒரு பூட்டு செய்கிறவரின் மகன், ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர். 1827இல் அவர் எழுதிய புத்தகத்தை அப்போது பலர் பொருட்படுத்தவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. அவருக்கும் முன்னாலேயே ஹென்றி கேவென்டிஷ் என்ற ஆங்கிலேயர், மீட்டர் எதுவும் இல்லாத காலத்தில், தன் கையில் அடிக்கிற ஷாக்கை வைத்தே பொருள்களின் தடையை ஒப்பிட்டுப் பார்த்து எழுதி வைத்தார். அதை வெளியிடவில்லை. 1879இல்தான் மாக்ஸ்வெல் அச்சில் கொண்டுவந்தார். பெரியவன் கேவென்டிஷ் முறையைப் பின்பற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு.

அவன் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். கான்ஸ்டன்டன் கம்பியின் நீளத்துக்கு எதிராக மின்தடை. நேர்கோடு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் பூஜ்யத்தில் தொடங்காமல் கொஞ்சம் மேலே 0.15 ஓமில் தொடங்குகிறது. கம்பியே இல்லாத இடத்தில் தடை எங்கிருந்து வந்தது என்று குழம்பி, கோட்டை வளைத்துப் பூஜ்யத்தில் ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறான். அப்படிச் செய்ய வேண்டாம். 24ஆம் எண் கான்ஸ்டன்டன் கம்பி ஒரு மீட்டருக்கு 2 ஓம்தான். 20 சென்டிமீட்டர் துண்டு வெறும் 0.4 ஓம். முதலைக் கிளிப் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால் அதன் தொடுதடையே 0.15 வந்துவிடும்.

கம்பியின் இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அளக்கச் சொல். அம்மீட்டர் கரண்டு வருகிற கிளிப்பிலேயே வோல்ட்மீட்டரையும் மாட்டாமல், அதற்கு உள்பக்கமாக, கம்பியின் மேலேயே நேராக மாட்டட்டும். நீளத்தையும் அந்த இரண்டு வோல்ட்மீட்டர் புள்ளிகளுக்கு நடுவே அளக்கட்டும். வோல்ட்மீட்டர் இழுக்கிற கரண்டு மிக மிகக் குறைவு, ஆகவே அதன் கிளிப்பில் தொடுதடை இருந்தாலும் வோல்ட் தொலையாது. கரண்டுக் கிளிப்பில் தொலைகிற வோல்ட் அளவுக்கு வெளியே நின்றுவிடும். ரியோஸ்டாட்டை வைத்துக் கரண்டை 0.5 ஆம்பியரில் நிறுத்தி, அளவு எடுத்ததும் ஸ்விட்சை அணைக்கட்டும். பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் ஒரே தாளில் போட்டு, முதல் கோடு ஏன் மேலே நின்றது என்று அறிக்கையில் இரண்டு வரி எழுதினால், ஆசிரியர் அந்த 0.15 ஓமுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்.